வடசேரி உழவர் சந்தை: விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாரச் சமையலை எழுதுங்கள்

நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தையில் வாங்கினால் காய்கறிச் செலவு நிச்சயம் குறையும். ஆனால் "திங்கள் வெண்டைக்காய், செவ்வாய் முருங்கைக்காய்" என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த லாபத்தில் பாதி கைக்கு வராது. அன்றைக்கு வெண்டை வரத்து குறைந்து விலை ஏறியிருந்தாலும் பட்டியலுக்காக அதையே வாங்கிவிடுவார்கள். வாரத் திட்டத்தில் காயின் பெயரை எழுதாதீர்கள், கறியின் வகையை மட்டும் எழுதுங்கள். எந்தக் காய் என்பதைப் பலகை சொல்லட்டும்.

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. அடையாள அட்டை பெற்ற விவசாயி தன் விளைச்சலைத் தானே விற்கிறார். கடை வாடகையும் தரகும் இல்லை. அன்றன்றைக்கு நிர்ணயிக்கும் விலையைப் பலகையில் எழுதுகிறார்கள். அது மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். ஆகவே நம் மாவட்டத்தில் விளைகிற ஏத்தங்காய் (நேந்திரங்காய்), மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), புடலை, பாவைக்காய் (பாகற்காய்), வெள்ளரி, தடியங்காய் (வெண்பூசணி), சேனை, கீரை ஆகியவற்றில்தான் உண்மையான மிச்சம். கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் மலையிலிருந்து வருகிறவை. அவற்றுக்காக இங்கே வர வேண்டியதில்லை.

நாலு பேர் உள்ள வீட்டின் ஏழு மதியச் சாப்பாட்டுக்கு இப்படி எழுதலாம்: ஒரு தீயல் (தேங்காயை வறுத்தரைத்த புளிக்குழம்பு), ஒரு அவியல் அல்லது எரிசேரி (தேங்காய் சேர்த்த கெட்டிக் கூட்டு), ஒரு புளிசேரி (தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு), ஒரு சாம்பார், ஒரு கீரையும் ரசமும், இரண்டு மீன். தொடுகறியாக இரண்டு நாள் துவரன் (தேங்காய்த் துருவல் போட்ட பொரியல்), மற்ற நாளில் மெழுக்குப்புரட்டி (எண்ணெயில் புரட்டிய வதக்கல்). புளிசேரி என்றால் தடியங்காயோ வெள்ளரியோ, எது மலிவோ அது. தீயலுக்குச் சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) விலை ஏறினால் பாவைக்காய், அதுவும் ஏறினால் கத்தரிக்காய். வறுத்தரைக்கும் மசாலாவில் மாற்றம் ஒன்றும் இல்லை.

மொத்தம் 6 முதல் 7 கிலோ காய் போதும். கெட்டியானவை மூன்று கிலோ (சேனை, தடியங்காய், ஏத்தங்காய் ஒவ்வொரு கிலோ), இளங்காய்கள் அரை அரைக் கிலோவாக நாலு வகை, தக்காளி ஒரு கிலோ, கீரை இரண்டு கட்டு. பல்லாரியும் (பெரிய வெங்காயம்) சின்ன உள்ளியும் தனிக்கணக்கு. சமைக்கிற வரிசை முக்கியம்: கீரை வாங்கிய அன்றும் மறுநாளும், பிறகு வெண்டை, புடலை, அடுத்துக் கத்தரி, பாவைக்காய், கடைசி இரண்டு நாளுக்குத் தடியங்காயும் சேனையும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சேனையை முதல் நாளே எரிசேரி வைத்துவிட்டு வெண்டையை ஐந்தாம் நாளுக்கு வைப்பதால்தான் பல வீடுகளில் வாரக் கடைசியில் காய் குப்பைக்குப் போகிறது, மறுபடி கடைக்கு ஓட வேண்டியும் வருகிறது. ஏத்தங்காய் வார நடுவில் மஞ்சளாகத் தொடங்கினால் அவித்துச் சாயங்காலத்துக்குக் கொடுங்கள். பச்சைக் காயாகச் சமைக்கும்போது அதன் தொலியைத் தூக்கிப் போடாதீர்கள். பொடியாக நறுக்கி, மஞ்சள் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கறை போக்கி, அவித்த சிறுபயறோடு சேர்த்தால் ஒரு துவரன் ஆயிற்று.

மரச்சீனியை ஒரு வாரத்துக்கு வாங்கி வைக்கவே கூடாது. பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடும். வேகவும் வேகாது, கசக்கும். வாங்கும்போது நுனியை ஒடித்துப் பாருங்கள். உள்ளே பால் போல வெள்ளையாக இருக்க வேண்டும், தோல் எளிதாக உரிய வேண்டும். அன்றே சமைக்க முடியாவிட்டால் தோலுரித்துத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் வரை தாங்கும். அவித்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துவிட வேண்டும்.

நம் ஊர்ச் சமையலில் பணம் அதிகமாகக் கரைவது தேங்காயில். தினம் ஒன்று உடைக்கிற வீட்டில் வாரம் ஏழு. மேலே சொன்ன திட்டத்தில் தீயல், அவியல், புளிசேரி மூன்றுக்கும் அரை அரை, மீன் குழம்பு இரண்டுக்கும் அரை அரை, துவரன் இரண்டுக்கும் கால் கால், ஆக மூன்று. காலைப் புட்டுக்கும் சட்னிக்கும் இன்னொன்று. ரசம், சாம்பார் நாட்களைத் தேங்காய் இல்லாத நாளாக வைத்தால் நாலில் நிற்கும். உடைத்ததும் கண் உள்ள பாதியை முதலில் திருவுங்கள், அதுதான் முதலில் கெடும். தீயலுக்கு வறுக்கும் நாளில் இரண்டு மடங்கு வறுத்து, தண்ணீர் சேர்க்காமல் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த வாரத் தீயலுக்கு அடுப்பும் மிச்சம்.

சாம்பாருக்கு ரேஷன் துவரம் பருப்பே போதும்: கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய், தாளிக்க அதை எடுத்துக்கொண்டு தேங்காய் எண்ணெயை அவியலுக்கு வையுங்கள்.

மீனைக் காய்கறியோடு சேர்த்துத் திட்டமிடாதீர்கள், அதற்குக் கடலின் நாட்காட்டி வேறு. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில், சின்னமுட்டம் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. மேற்குக் கடற்கரையில், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் அடைத்திருக்கும்போது மறுபக்க மீன் வரும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு. அப்போது வள்ளத்தில் (நாட்டுப்படகில்) வரும் சாளையும் (மத்தி) நெத்திலியும்தான், விலையும் கூடும். அந்த இரண்டு வாரத்துக்கு மீன் நாளை ஒன்றாகக் குறைத்து, மற்றதற்கு மே மாதமே நெத்திலிக் கருவாடு வாங்கி நன்றாக வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.