பிரிக்பீல்ட்ஸ் மாடிக் கடை: தோள்வலிக்கு மசாஜ், கூடவே யோவான் ஒன்பது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் நிறைய உண்டு. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே தொழில் கற்றவர்கள் பலர் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார்கள். நான் போகும் கடை ஒரு மாடியில். கடையின் பெயரை எழுதவில்லை, அங்கே மசாஜ் செய்யும் அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். “சனிக்கிழமைக் கூட்டமே தாங்கல தம்பி.”

நான் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து வலது தோள் இறுகிப்போய், சீட் பெல்ட்டை இழுக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இந்தக் கடையில் மெழுகுவத்தி, புல்லாங்குழல் இசை எதுவும் கிடையாது. ஒரு மின்விசிறி, துவைத்துத் துவைத்து நிறம் போன திரை, அவ்வளவுதான். ஆனால் கட்டில் விரிப்பு ஒவ்வொருவருக்கும் மாற்றுகிறார்கள்.

கை வைப்பதற்கு முன் அண்ணன் இரண்டு கேள்வி கேட்பார். எங்கே வலி? எங்கே தொடக்கூடாது? நான் தோள் என்றேன். அவர் கட்டைவிரல் தோளைத் தாண்டி, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் போய் நின்றது. “முடிச்சு இங்க இருக்கு. தோள் சும்மா கத்துது.” அப்புறம் முழங்கையை ஊன்றி மெதுவாக எடையை இறக்கினார். உயிர் போய் வந்தது. மறுநாள் அந்த இடம் கன்றிப் போயிருந்தது. அதற்கு மறுநாள் கை தலைக்கு மேல் போனது.

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவன், அவரும் தமிழ்ச் சபைக்காரர். அந்த வாரப் பாடம் பைபிளில் யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரம், பிறவிக் குருடன் பார்வை பெற்றது. பேச்சுவாக்கில் சொன்னேன். முழங்கை ஒரு நொடி நின்றது.

“அந்தப் பிரசங்கம்னா எனக்குப் பத்தி எரியும் தம்பி. குருடுன்னா பாவம், இருட்டுன்னா பிசாசு. நான் முன் வரிசையில உட்கார்ந்திருக்கேன்!” ஒருமுறை வெளியிலிருந்து வந்த போதகர் ஒருவர், ஒரு வார்த்தை கேட்காமல் இவர் கண்மேல் கை வைத்து ஜெபித்தாராம். பார்வை வராததற்கு விசுவாசக் குறைவு என்று வேறு சொல்லிவிட்டுப் போனாராம். “பார்வை கேட்ட குருடன் பர்திமேயுகிட்ட ஆண்டவரே, உனக்கு நான் என்ன செய்யணும்னு கேட்டுட்டுத்தானே செஞ்சாரு?”

நான் விடவில்லை. ஆவிக்குரிய குருடு வேதத்திலேயே இருக்கிறதே, வெளிப்படுத்தல் மூன்றில் லவோதிக்கேயா சபையைக் குருடன் என்று சொல்லி, கண்ணுக்குக் கலிக்கம் என்ற மருந்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறாரே என்றேன். “அது யாருக்குச் சொன்னது? எனக்கு ஒரு குறையுமில்லைன்னு சொன்ன பணக்காரச் சபைக்கு. கண்ணு நல்லா இருந்தவங்களுக்கு!” என்றார், என் கழுத்தைத் திருப்பிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து அதிகாரத்தை முழுக்கப் படித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கும்போதே, இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்று இயேசு முடித்துவிடுகிறார். கடைசியில் பரிசேயர் என்ற மதத்தலைவர்களிடம் சொல்வது இன்னும் கடுமை: நீங்கள் குருடராயிருந்தால் பாவம் இராது, காண்கிறோம் என்கிறீர்களே, அதனால்தான் உங்கள் பாவம் நிற்கிறது என்கிறார். அந்த அதிகாரத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பார்வையுள்ளவர்கள்தான்.

அண்ணனுக்குப் பிடித்த இடம் வேறு. இயேசு அந்தக் குருடனின் கண்ணில் சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்துக்குப் போ என்று அனுப்பியபோது அவனுக்கு இன்னும் பார்வை இல்லை. “குளத்துக்கு அவனாத்தான் போனான். வழி தெரியும் அவனுக்கு. யாராவது பிரசங்கத்துல சொல்றாங்களா?” நான் கேட்டதில்லை. அந்தக் காலத்துக் குளத்தின் படிக்கட்டுகள் 2004-இல் எருசலேமில் வெளிப்பட்டன என்று சொன்னேன். “எத்தனை படி?” என்று உடனே கேட்டார். அவனைச் சபையிலிருந்து துரத்திய பிறகு இயேசு திரும்ப வந்து பேசும்போது, அவன் குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டிருப்பான் என்றும் அண்ணன் அடித்துச் சொல்கிறார். வசனத்தில் அப்படி இல்லை. தேவகுமாரனை நம்புகிறாயா என்று இயேசு கேட்டதற்கு, அவர் யார் ஆண்டவரே என்றுதானே அவன் கேட்கிறான். இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.

கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). நோட்டை நீட்டினால் விரலிடுக்கில் வைத்து நீளம் பார்ப்பார். நம் நோட்டுகள் பெரும்பாலும் மதிப்புக்கேற்ப நீளும். ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியும் பிளாஸ்டிக் என்பதால் தொட்டதுமே தெரியும். கியூஆரும் உண்டு, பணம் வந்ததைக் கைப்பேசி சத்தமாகச் சொல்லும்.

குறைகள்: படிக்கட்டு செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் யோசிக்கவும். திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்கும். பெண்களுக்குப் பெண் மசாஜர் வரும் நாளைப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம்தான் திறப்பார்கள். காரைக் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் விட்டு நடப்பது நல்லது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் தயவுசெய்து நடைபாதையில் மேடு வைத்த அந்த மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்தாதீர்கள், அண்ணன் வேலைக்கு வரும் வழியே அதுதான்.