எங்கள் குடியிருப்புக்கே வந்த இலவச நாடகம்

நாடகக் குழுவும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து நடத்திய இந்த நாடகம், காசு கொடுத்து அரங்கில் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இலவசம்தானே என்று யாரும் ஒத்திகையில் குறை வைக்கவில்லை. சங்கத்தாரைக் கேட்டு நேரம் குறித்ததால், இரவு வேலைக்குப் போகிறவர்களும் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காமல் குழந்தைகளுக்கு விட்டது ரொம்பப் பிடித்தது. 1957-இல் நியூயார்க்கில் ஜோசப் பாப் என்ற நாடகத் தயாரிப்பாளர் லாரியில் மேடையை ஏற்றிக்கொண்டு வட்டாரம் வட்டாரமாகப் போய் இலவசமாக நாடகம் போட்டதும் இதே எண்ணத்தில்தான். குறை ஒலிதான்: மைக் இல்லாததால் பின்னால் இருந்த முதியவர்களுக்குப் பாதி வசனம் கேட்கவில்லை. அப்புறம், ஒரு நாள் நாடகத்தோடு போய்விடாமல் எங்கள் பிள்ளைகளுக்கு நடிப்புப் பயிற்சியும் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் நடிகர்களைச் சூழ்ந்துகொண்டு பிள்ளைகள் கேட்டதும் அதைத்தான்.