மாட்டுங்காவில் ஓர் ஆங்கில வகுப்பு: 12 மாலைகள், 4,800 ரூபாய்

மும்பையில், மாட்டுங்கா கிழக்கில், கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் நடக்கிற வகுப்பு இது. பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மூர் அம்மா ஒருவர் தன் வீட்டுக் கூடத்திலேயே நடத்துகிறார். பெயரும் முகவரியும் இணையத்தில் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு முதல் எட்டரை வரை. மொத்தம் 12 வகுப்பு, 4,800 ரூபாய். போன மாதம்தான் முடித்தேன்.

ஃபோர்ட் பகுதியில் ஒரு சரக்கு ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். நாளெல்லாம் ஆங்கிலத்தில்தான் மெயில். போன வருடம் ஒரு வாடிக்கையாளருக்கு ‘தி ஒரிஜினல்ஸ் மஸ்ட் பி வித் அஸ் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் அசல் காகிதம் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் மனதில் இருந்தது. நான் எழுதியதற்கோ, வெள்ளிக்கிழமை வரை காகிதம் எங்களிடமே இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். யாரோ முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் அனுப்பாமல் இருந்துவிட்டார். காகிதம் இல்லாமல் நாவா ஷேவா துறைமுகத்தில் கன்டெய்னர் நான்கு நாள் கிடந்தது. டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் எங்கள் தலையில் விழுந்தது. ‘அன்டில்’ இருந்த இடத்தில் ‘பை’ போட்டிருந்தால் போதும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதற்கு முன் இரண்டு இடத்தில் படித்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே அட்டவணைதான். கேன் என்றால் முடியும், மஸ்ட் என்றால் வேண்டும், மே என்றால் ‘-லாம்’ (வரலாம், போகலாம்). அதை மனப்பாடம் செய்துவிட்டு வர வேண்டியதுதான். கூடவே ஒரு நேரம் வந்து ஒட்டிக்கொண்டால் அந்தச் சொல் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. இந்த டீச்சர் ஆரம்பிப்பதே அங்கிருந்துதான்.

மூன்றாவது வகுப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. போர்டில் ‘ஷி மஸ்ட் பி இன் தி ஆபீஸ் பை நைன்’ என்று எழுதினார். பக்கத்தில் தாராவியிலிருந்து வரும் ஒரு தம்பி, மால் ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், “ஒன்பது மணிக்குள்ள அவங்க ஆபீஸ்ல இருக்கணும் டீச்சர்” என்றார். டீச்சர் துணியை எடுத்து ‘நைன்’ என்பதை மட்டும் துடைத்தார். அந்த இடத்தில் ‘நவ்’ என்று எழுதினார்.

“இப்பச் சொல்லு தம்பி.”

“இப்ப ஆபீஸ்ல இருக்கணும்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துவிட்டு, “இல்ல டீச்சர், இந்நேரம் ஆபீஸ் போய்ச் சேர்ந்திருப்பாங்க” என்றார்.

“அதேதான். மஸ்ட் அப்படியேதான் இருக்கு. ஒட்டிக்கிட்ட நேரம்தான் மாறிச்சு.”

முதலில் இருந்தது விதி. ஒரு சொல்லை அழித்து எழுதியதும் அது ஊகம் ஆகிவிட்டது. இத்தனை வருடம் மெயில் எழுதியும் எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறது. நம் வீட்டில் பிள்ளை வரத் தாமதமானால் “இந்நேரம் வந்திருக்கணுமே” என்று வாசலைப் பார்ப்போமே, அதற்கு ‘ஷுட் ஹேவ் கம் பை நவ்’ என்று அன்றைக்கே சொல்லிக் கொடுத்தார்.

நேற்று என்று வந்துவிட்டால் கதையே வேறு. நேற்று போக வேண்டியிருந்தது என்பதற்கு மஸ்ட் உதவாது, ‘ஹேட் டு’தான். ‘மஸ்ட் ஹேவ் கான் யெஸ்டர்டே’ என்றால் நேற்று போயிருப்பார் என்கிற ஊகம் மட்டுமே. அப்புறம் வந்திருக்கலாம் என்ற சொல்லுக்கே ஒரு முழு வகுப்பு. “அவர் நேத்து வந்திருக்கலாம்” என்றால் வந்தாரோ என்னவோ. “நேத்தே வந்திருக்கலாமே” என்றால் வரவில்லை என்கிற குறை. நமக்கு ஒரு ஏகாரம் போதும். ஆங்கிலத்தில் அந்தக் குறையைச் சொல்ல ‘குட் ஹேவ்’ வேண்டும். ‘மே ஹேவ்’ என்று எழுதினால் பொதுவாக ஊகமாகத்தான் படிப்பார்கள். மைட், குட் இரண்டும் பார்க்க இறந்தகாலம் மாதிரி இருந்தாலும் நாளையோடு தாராளமாகப் போகும் என்பதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். அதற்கு அவ்வளவு போதும்.

எனக்கு ஆபீஸில் அதிகம் கைகொடுப்பது ஒரே வாக்கியத்தில் இரண்டு நேரம் வருகிற பாடம். ‘ஃப்ரம் டுடே யூ கேன் லீவ் அட் ஃபைவ்.’ இன்று முதல் என்பது அனுமதிக்கு உரியது, ஐந்து மணி என்பது கிளம்புவதற்கு உரியது. எந்த நேரம் யாருடையது என்று டீச்சர் பென்சிலால் கோடு இழுக்கச் சொல்வார். இப்போது மெயில் அனுப்புவதற்கு முன் மனதுக்குள் அந்தக் கோட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. கூடத்தில் ஒரே ஒரு ஃபேன். பதினான்கு பேர் உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டுகிறது. ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கலாக இருக்கிறது, கடைசிப் பக்கங்களைப் படிக்கவே முடியவில்லை. ‘சின்ன வயசில் ஞாயிறுதோறும் போவோம்’ என்று சொல்ல உதவுகிற ‘வுட்’ என்ற சொல்லுக்கு இருபது நிமிடம்தான் கிடைத்தது. ‘ஷால்’ என்ற சொல்லுக்கோ ஒரு முழு வகுப்பு. ஒப்பந்தக் காகிதம் பார்க்கிற எனக்கு அது வேண்டியதுதான், மற்றவர்களுக்கு வுட்தான் தேவைப்பட்டிருக்கும். பேச்சுப் பயிற்சி குறைவு. இன்டர்வியூவுக்கு வாய் திறக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. எட்டரை என்பது பல நாள் ஒன்பதைத் தொடும், தூரத்திலிருந்து வருகிறவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த 4,800-க்கு எனக்கு முழுத் திருப்தி. மெயில், ரிப்போர்ட் என்று எழுதியே பிழைக்கிற யாரையும் தயங்காமல் அனுப்புவேன். என் தங்கை அடுத்த பேட்சில் சேர்ந்திருக்கிறாள். என் நோட்டையும் பென்சிலையும் அவளிடம் கொடுத்துவிட்டேன்.