சூடாக்கத் தெரியும், ஆற வைக்கத் தெரியாது: குஞ்சு பொரிக்கும் பெட்டி

பாளையங்கோட்டையில ஒரு கோழித் தீவனக் கடையில வாங்கின பெட்டி. தெர்மோகோல் உடம்பு, மேல கண்ணாடி மூடி, உள்ளே ஹீட்டர், சின்ன ஃபேன், முட்டையை உருட்டிவிட ஒரு மோட்டார். 48 முட்டை பிடிக்கும். விலை ஏழாயிரத்துச் சொச்சம். சிறுவிடைக் கோழி முட்டையை கார்த்திகையிலயும் வச்சேன், சித்திரையிலயும் வச்சேன். ரெண்டையும் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.

கார்த்திகையில குறை சொல்ல ஒண்ணுமில்ல. 37.5 டிகிரின்னு வச்சா அதுலயே நிக்கி. கரண்ட் போனாலும் சாக்கைப் போட்டு மூடிட்டா ஒரு மணி நேரம் தாங்கும். அடைக்கோழியே தீவனம் தின்ன எழுந்து போகத்தான செய்யுது, கொஞ்ச நேரம் ஆறினா கரு செத்துராது.

மோட்டார் சத்தமில்லாம உருட்டுது. உருட்டலன்னா கரு ஓட்டுச் சவ்வுல ஒட்டிக்கிடும். 18ஆம் நாளோட மோட்டாரை நிறுத்திட்டு ஈரப்பதத்தைக் கூட்டணும்.

இந்த உருட்டுற விஷயத்துல எனக்கும் என் அக்கா மகனுக்கும் போன்ல பெரிய தர்க்கம். அவன் அமெரிக்காவுல அரிசோனாவில இருக்கான், மவுண்டன் கிங்ஸ்னேக்னு ஒரு மலைப்பாம்பு ஜாதியை வளத்து முட்டை பொரிக்க வைக்கான். மலைப்பாம்புன்னதும் நம்ம ஊர் மலைப்பாம்பை நினைக்காதீங்க. இது மலையில வாழுற, மெலிஞ்ச, விஷமில்லாத பாம்பு. சிவப்பு, கறுப்பு, வெள்ளைன்னு உடம்பு பூரா வளையம். (அக்காகிட்ட மீன் வளக்கேன்னு சொல்லியிருக்கான்.) பாம்பு முட்டையை உருட்டவே கூடாதாம். இட்ட மாதிரியே, மேல் பக்கம் பென்சில்ல குறி போட்டு, ஈரமான வெர்மிகுலைட்ல (தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஒரு கனிமத் துகள்) பாதி புதைச்சு வைக்கணும். திருப்பினா உள்ள இருக்கிறது செத்துரும். சூடும் 26, 27 டிகிரிதான். ஏறக்குறைய ரெண்டு மாசம் காத்துக் கிடக்கணும்.

அவன் பழைய ஃப்ரிட்ஜைத்தான் பெட்டியா மாத்தி வச்சிருக்கான். வெயில்ல ஆறவும் வைக்கணும்லா மாமான்னான். அது எனக்கு சித்திரையிலதான் உறைச்சுது. நம்ம ஊர் கத்திரி வெயில்ல மத்தியானம் அறையே 39ஐத் தொடுது. பெட்டி ஹீட்டரை அணைச்சிரும், அவ்வளவுதான். அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது. உள்ள 39 ஏறி அலாரம் கத்துது, ஃபேன் அந்தச் சுடுகாத்தையே திரும்பத் திரும்பச் சுத்தி விடுது. குளிரை விட சூடுதான் கருவை வேகமாக் கொல்லும். பாதி முட்டைக்கு மேல ஓட்டுக்குள்ளயே போச்சு. பெட்டியில இருந்த தாள்ல "எல்லாக் காலத்துக்கும்"னு அச்சடிச்சிருக்கான் பாருங்க, அந்த வரியைத்தான் என்னால மன்னிக்க முடியல.

இன்னொரு குறை, ஈரப்பதம் காட்டுற மீட்டர். மருமகன் ஒரு சோதனை சொன்னான்: உப்பை லேசாத் தண்ணி விட்டுக் குழைச்சு, ஒரு மூடியில வச்சு, மீட்டரோட சேத்து இறுக்கமான டப்பாவில ராத்திரி பூரா அடைச்சு வைங்க, 75 சதவீதம் காட்டணும்னான். தூத்துக்குடி பக்கத்துல இருந்துட்டு உப்புக்கா பஞ்சம். காலையில பாத்தா 63. அப்போ நான் 60னு நினைச்சிருந்தது நிஜத்துல 70க்கு மேல. வாங்கினவங்க மொத வேலையா இதைச் செஞ்சு பாத்துருங்க.

ஆனா அந்தக் கண்ணாடி மூடி ஒண்ணுக்காகவே காசு கொடுக்கலாம். முட்டையோட அகலப் பக்கத்துல ஒரு சின்ன விரிசல். அப்புறம் பல மணி நேரம் ஒண்ணுமே நடக்காது. பிறகு அலகு நுனியில இருக்கிற குட்டிக் கொம்பால ஓட்டைச் சுத்தி வட்டமா அறுத்துக்கிட்டே வந்து, கடைசியில காலை உதைச்சு தொப்பி கழட்டின மாதிரி தள்ளுது. பாம்புக் குட்டிக்கும் மூக்கு நுனியில அப்படி ஒரு பல் உண்டாம், ஓட்டைக் கீறிட்டு மூஞ்சியை மட்டும் நீட்டி ஒரு நாள், ரெண்டு நாள் கூட அப்படியே பாத்துக்கிட்டிருக்குமாம். ஆள் கிட்ட வந்தா உள்ள இழுத்துக்கிடும். ரெண்டையும் அவசரப்பட்டுப் பிய்க்கக் கூடாது. மிச்சமிருக்கிற மஞ்சக்கரு உடம்புக்குள்ள போய்ச் சேரணும். மூடியைத் திறந்தா ஈரம் போயிரும், சவ்வு காய்ஞ்சு குஞ்சு சிக்கிக்கிடும்.

ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் தாராளமா ஓட்டலாம். வெயில் காலத்துக்கு ஏசி அறை இருந்தா வாங்குங்க, இல்லன்னா அடைக்கோழியையே நம்புங்க. வாரன்டி ஒரு வருஷம், மோட்டாருக்கு மட்டும் ஆறு மாசம். உதிரி ட்ரே கடையில கேட்டா வரவழைச்சுத் தாராங்க.