வசந்தகாலப் பள்ளி மைதானம்: விதையா பத்தையா, ரோலரா துளையா, ஆடுவதா மூடுவதா?

மண் உறையும் குளிர் நாடுகளில், குளிர்காலம் முடிந்து பள்ளி மைதானத்துக்குள் போனால் எங்கும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். கோல் கம்பத்துக்கு முன்னால் புல்லே இல்லாத சேற்றுத் திட்டு, நடுவட்டத்தில் தேய்ந்துபோன தரை, உறைந்து இளகியதில் அங்கங்கே மேடு தட்டிய மண். முதல் ஆட்டத்துக்கு ஐந்தாறு வாரம் இருக்கும். பணமும் குறைவு, ஆளும் குறைவு. இந்த நிலையில் எதற்குச் செலவழிப்பது, எதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பது என்று ஒவ்வொரு ஆண்டும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

என் அளவுகோல் ஒன்றுதான். செய்யப்போகும் வேலை வேருக்கு உதவுகிறதா, பார்வைக்கு மட்டும் உதவுகிறதா? ஓடி விழும் பிள்ளையைத் தாங்குவது வேர் பிடித்த, காற்றோட்டமுள்ள மண்தான். பச்சையாகத் தெரிந்தும் அடியில் கல்லாக இறுகிக் கிடக்கும் மைதானம் ஆபத்தானது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் வேரின் பக்கம்தான் நிற்கிறேன்.

விதையா, புல் பத்தையா?

விதையின் பலம் விலை. பலவீனம் நேரம். குளிர் தாங்கும் புல் வகைகள் நன்றாக முளைக்க மண்ணின் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்கு முன்னால் தூவிய விதை முளைக்காமல் கிடக்கும். பாதியைப் பறவை தின்னும், மீதியை மழை அடித்துக்கொண்டு போகும். வெயில் அடிக்கிறதே என்று காற்றின் வெப்பத்தை நம்பக் கூடாது, மண் அதற்குப் பின்னால்தான் சூடேறும். ஒரு மண் வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பருவத்தின் மிகப் பயனுள்ள சிறு செலவு.

மண் சூடேறிய பிறகு எந்த விதை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரென்னியல் ரை புல் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். டால் ஃபெஸ்க்யூ ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் எடுக்கும். கென்டக்கி புளூகிராஸ் 14 முதல் 28 நாள் வரை இழுக்கும். வேகத்தை மட்டும் பார்த்தால் ரை புல்லுக்கே வெற்றி. ஆனால் ரை புல் கொத்தாக வளரும் இனம். ஒரு செடி பெயர்ந்தால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். புளூகிராஸ் மண்ணுக்கு அடியில் தண்டு ஓட்டிப் பரவி, கிழிந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். நீண்ட நாள் நோக்கில் மைதானத்துக்கு வேண்டிய குணம் அதுதான்.

எனவே வசந்தத்தில் கோல் முகப்பு, நடுவட்டம் போன்ற தேய்ந்த இடங்களுக்கு ரை புல்லையே தேர்ந்தெடுப்பேன். சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் விதை. புளூகிராஸை இலையுதிர் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது மண் சூடாக இருக்கும், களைப் போட்டி குறைவு, வேர் இறங்க மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். இரண்டையும் கலந்து தூவ நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலவையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ரை விதை இருந்தால், சீக்கிரம் முளைத்து புளூகிராஸை அமுக்கிவிடும்.

ஆட்டம் தொடங்கிய பிறகும் விதைப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் தேய்ந்த இடங்களில் ஒரு கை ரை விதையை வீசிவிட்டால், பிள்ளைகளின் காலணி முள்ளே அதை மண்ணுக்குள் மிதித்து இறக்கிவிடும். எல்லாம் முளைக்காது. முளைக்கிற அளவே திட்டைத் திறந்து போட்டுவிடாமல் காக்கும்.

குளிர்காலக் கடைசியிலேயே விதைத்துவிடும் முறையும் உண்டு. மண் இரவில் உறைந்து பகலில் இளகும்போது விரிசல் விட்டு மூடும். விதை அதற்குள் தானாகப் போய்விடும். மண் சூடேறிய அன்றே முளைக்கத் தயாராக இருக்கும் என்பது இதன் ஆதாயம். இடையில் சில நாள் வெயில் அடித்து, முளை விட்டபின் மறுபடி உறைபனி வந்தால் அத்தனையும் போகும். வசந்தத்தில் ஈரம் காயாமல் இயந்திரம் உள்ளே போக முடியாத மைதானங்களுக்கு இந்தத் துணிச்சல் தகும்.

சரி, புல் பத்தை? பண்ணையில் வளர்த்துச் சுருளாக வெட்டி வரும் பத்தையை விரித்த அன்றே மைதானம் முடிந்துவிட்டதுபோலத் தெரியும். பலரும் ஏமாறுவது இங்கேதான். மெல்லிசாக வெட்டிய பத்தை வேர் பிடிக்க மூன்று நான்கு வாரமாவது வேண்டும். அதற்குள் ஆடவிட்டால் ஓடித் திரும்பும் காலுக்கு அடியில் அது பாய்போல நழுவும். கணுக்கால் மடங்குவது இப்படித்தான். மூலையைப் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பார்த்து, எழும்ப மறுத்தால்தான் ஆட்டத்துக்கு விட வேண்டும். 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய தடித்த பத்தை தன் எடையாலேயே நிற்கும் என்பதால் சில நாளிலேயே ஆடலாம். விலையும் சுமைகூலியும் அதற்கேற்ப ஏறும்.

விலையைவிட எனக்குப் பெரிய கவலை மண் பொருத்தம். களிமண்ணில் வளர்ந்த பத்தையை மணல் தரை மேல் விரித்தால், மேலடுக்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே இறங்காது. வேரும் அந்த எல்லையிலேயே நின்றுவிடும். நல்ல வடிகால் செலவு செய்து போட்ட மைதானமே இதனால் வீணாகும். ஆகவே வாங்கும் முன் எந்த மண்ணில் வளர்த்தது என்று கேட்டே தீர வேண்டும். முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை, கோல் முகப்பு முழுதாகப் போய்விட்டது என்றால் அந்த இடத்துக்கு மட்டும் தடித்த பத்தை. மற்ற எல்லாவற்றுக்கும் விதைதான்.

வெப்பப் பகுதிகளில் அருகம்புல் இன மைதானம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அது மண் 18 டிகிரியைத் தொடும்போதுதான் நன்றாகக் கண் விழிக்கும். குளிர்காலப் பச்சைக்காக இலையுதிர் காலத்தில் தூவிய ரை புல் அப்போது வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அங்கே வசந்தத்தில் மறுபடி ரை தூவாமல், வெட்டும் உயரத்தைக் குறைத்து அருகுக்கு வழிவிடுவதுதான் சரி.

விதையா, களைக்கொல்லியா?

இது இரண்டில் ஒன்று என்று பலருக்குத் தெரியாமலே போகிறது. கிராப்கிராஸ் என்ற கோடைக் களை, மேல்மண் 13 டிகிரி அளவில் சில நாள் நிலைத்தாலே முளைக்கத் தொடங்கும். அதைத் தடுக்க முன்கூட்டியே இடும் புரோடியமின், பெண்டிமெத்தலின் போன்ற மருந்துகள் நல்ல விதை எது, களை விதை எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மருந்து இட்ட தரையில் விதைத்தால் விதைக்காசு நட்டம். மெசோட்ரியோன், சிடியுரான் ஆகியவற்றை மட்டும் விதைப்போடு சேர்த்தே பயன்படுத்த முடியும். அதுவும் எந்தப் புல்லுக்குப் பொருந்தும் என்று டப்பாவில் ஒட்டிய சீட்டைப் படித்த பிறகே. பள்ளி வளாகத்தில் மருந்து அடிக்கச் சட்டமே இடம் தராத பகுதிகளும் உண்டு. நியூயார்க் மாநிலம் 2010இல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது.

நான் விதையையே எடுப்பேன். தேய்ந்த மைதானத்தில் களை வருவதற்கே காரணம் வெறுந்தரை. அதை மூடாமல் மருந்து மட்டும் அடித்தால், மருந்தின் வீரியம் தீர்ந்ததும் அதே இடத்தில் களை வந்து நிற்கும்.

ரோலரா, துளையிடுவதா?

உறைந்து இளகிய தரை மேடு பள்ளமாக இருப்பதைப் பார்த்ததும் கனமான ரோலரை ஓட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். உடனே மட்டமாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் வசந்த ஈரத்தில் ரோலர் ஓட்டுவது என்றால் மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றையும் தண்ணீர் இறங்கும் வழியையும் சேர்த்து நசுக்குவது. அந்த ஆண்டு முழுக்க வேர் மேலேயே தங்கும், மழை தேங்கும், தரை கடினமாகும். மேட்டை அமுக்கி மட்டமாக்காமல், பள்ளத்தை நிரப்பி மட்டமாக்க வேண்டும். அதே வகை மண்ணையோ மணலையோ மெல்லிய அடுக்காகத் தூவி இழுத்துவிட்டால் போதும், புல் அதன் வழியே ஏறி வரும். லேசான ரோலரை, தரை ஓரளவு காய்ந்த பிறகு, பனியில் பெயர்ந்த செடிகளை மண்ணோடு ஒட்டவைக்க ஒருமுறை ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

துளையிடுவதிலும் இரண்டு வகை. குழல் முள் வைத்த இயந்திரம் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைத் துண்டு துண்டாக வெளியே எடுத்துப் போடும். திட முள் வெறுமனே குத்தி எடுக்கும், மண் வெளியே வராது. இறுக்கத்தை உண்மையில் தளர்த்துவது குழல் முள்தான், ஏனென்றால் அது மண்ணை அகற்றி இடம் விடுகிறது. ஆட்டப் பருவம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தால் இரண்டு திசையிலும் ஓட்டி, வெளியே வந்த மண்துண்டுகள் காய்ந்ததும் சங்கிலி வலையால் இழுத்து உடைத்துவிட்டால் அதுவே மேல்மண்ணாகவும் பயன்படும். அதே கையோடு விதையும் தூவினால் துளைகளில் முளைப்பு நன்றாக இருக்கும். பருவத்தின் நடுவே என்றால் திட முள். ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் தண்ணீருக்கு வழிவிடும்.

எந்த முள் என்றாலும் மண் ஈரப்பதமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. சேற்றில் குத்தினால் துளையின் சுவர் மெழுகியதுபோல வழவழப்பாகிக் காற்றே போகாது. ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்று ஒரு பள்ளி கேட்டால், குழல் முள் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கச் சொல்வேன். விதைகூட அதற்கு அடுத்ததுதான்.

உரமும் போர்வையும்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சட்டென்று கரையும் தழைச்சத்தை (நைட்ரஜன்) வசந்தத் தொடக்கத்தில் அள்ளிப் போட்டால் இலை பொங்கும், வேர் மெலியும், வாரம் இருமுறை வெட்ட வேண்டியிருக்கும். மெதுவாகக் கரையும் வகையில் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 5 கிராம் தழைச்சத்து போதும். வெட்டிய புல்லை வாரி எடுக்காமல் தரையிலேயே விட்டால் அதுவும் உரம். வெட்டும்போது ஒரு தடவைக்கு இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

காற்றும் வெளிச்சமும் உள்ளே விடும் வளர்ப்புப் போர்வைகளை விதைத்த இடத்தில் விரித்தால் மண் சீக்கிரம் சூடேறும். கோல் முகப்புக்கு இது பத்தையைவிட மலிவான, நம்பகமான துணை. கனத்த தார்ப்பாயைப் போட்டுப் பல நாள் விட்டுவிட்டால் புல் மஞ்சளாகி அழுகும்.

செயற்கைத் தரைக்கே மாறிவிடலாமா?

மழை விட்டதும் ஆடலாம், எத்தனை அணி வேண்டுமானாலும் பழகலாம். இயற்கைப் புல் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஒரே மைதானத்தைக் காலை முதல் இரவு வரை பயன்படுத்தும் பள்ளிக்கு இது நியாயமான தேர்வு. ஆனால் பராமரிப்பே இல்லாத தரை என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். இழைகளுக்கு நடுவே நிரப்பிய துகள் பெனால்டி புள்ளியிலும் மூலை உதை இடத்திலும் குறைந்துகொண்டே வரும், நிரப்ப வேண்டும். தரை எவ்வளவு கடினமாகிவிட்டது என்று மோதல் சோதனை செய்ய வேண்டும்; அந்தக் கடினத்தைக் காட்டும் ஜி-மேக்ஸ் அளவு 200ஐத் தொட்டால் அதில் ஆடக் கூடாது. சுள்ளென்ற வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுக்குள் முழு விரிப்பையும் மாற்ற வேண்டிவரும். அந்த மாற்றுச் செலவை முதல் நாளே ஒதுக்கிவைக்க முடியாத பள்ளி, இருக்கிற புல்லைக் காப்பாற்றுவதே நல்லது.

கோடு போட சுண்ணாம்பா, பெயின்டா?

நீற்றிய சுண்ணாம்பு கண்ணிலும் தோலிலும் பட்டால் புண்ணாக்கும். பிள்ளைகள் விழுந்து புரளும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. தண்ணீரில் கரையும் பெயின்ட் புல்லுக்கு, சுண்ணாம்புக்கல் தூள் வெறுந்தரைக்கு. களைக்கொல்லியால் புல்லைக் கருகவைத்துக் கோடு காட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

ஈர மைதானத்தில் ஆடுவதா, மூடுவதா?

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மைதானத்தின் கதியைத் தீர்மானிப்பது இதுதான். நனைந்து ஊறிய தரையில் ஒரே ஓர் ஆட்டம், வளரும் பருவம் முழுக்கச் செய்த வேலையை அழித்துவிடும். ஈர மண் காலின் அழுத்தத்தில் மிக எளிதாக இறுகும். பெயர்ந்த செடி வேரோடு போகும். குழிந்த தடம் காய்ந்ததும் அடுத்த வாரம் ஓடும் பிள்ளைக்குத் தடுக்கும்.

ஆட்டத்தைத் தள்ளிவைத்தால் பயிற்சியாளருக்கு வருத்தம், எதிரணிக்கு வேறு தேதி தேட வேண்டும், பெற்றோர் விடுப்பு எடுத்து வந்திருப்பார்கள். இந்தச் சிரமம் உண்மையானது. அதனால்தான் யார் முடிவெடுப்பது, எதை வைத்து என்பதைப் பருவத்துக்கு முன்பே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். சோதனை எளிது. நடந்து பாருங்கள், காலடித் தடத்தில் தண்ணீர் ஊறினால் மூடிவிட வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள், விரலால் தட்டினால் உதிராமல் களியாக நசுங்கினால் அன்றைக்கு ஆட்டமும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆட்ட நாள் காலையில் ஆசிரியரும் பராமரிப்பாளரும் சேர்ந்தே இதைப் பார்க்க வேண்டும், இருவரில் யார் வேண்டாம் என்றாலும் மைதானம் மூடப்பட வேண்டும்.

பயிற்சியை மட்டும் நடத்தியே ஆக வேண்டும் என்றால் கோல் முகப்பையும் நடுவட்டத்தையும் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு, ஓரத்துப் புல்லில் நடத்தலாம். நகர்த்தும் கோல் கம்பங்களை வாரம் ஒருமுறை இடம் மாற்றுவதும் தேய்மானத்தைப் பரப்பும். மாற்றிய ஒவ்வொரு முறையும், பிள்ளைகளை உள்ளே விடும் முன், கம்பத்தைத் தரையோடு பிணைத்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். கவிழ்ந்த கோல் கம்பம் பிள்ளைகளின் உயிரையே பறித்திருக்கிறது.