பம்பரை மூடும் முன் பாருங்கள்: இன்டர்கூலர் மாற்றக் கொடுத்து நான் ஏமாந்த விவரம்

கடந்த சித்திரையில் ஒரு பிற்பகல், சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தபோது, என் காரின் முன்பக்கத்தில் டயர் வெடித்ததைப் போல 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணமே வண்டியின் இழுவை பாதியாகக் குறைந்தது; செக் இன்ஜின் விளக்கு எரிந்தது; பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தபடியே நெருங்கியது. வண்டிக்குள் என் மனைவியும் எட்டு வயது மகளும் இருந்தார்கள். இடது ஓரத்துக்கு வந்து நிறுத்துவதற்குள் என் கைகள் ஸ்டீயரிங்கிலேயே நடுங்கிவிட்டன. அந்தக் கணவாயில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதற்குச் சரியாக எட்டு நாள்களுக்கு முன்புதான், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு பட்டறையில் 58,000 ரூபாய் செலவழித்து, டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றை முன்பக்கத்தில் பொருத்தியிருந்தேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அது அங்கேயே பேசப்படட்டும். ஆனால் அங்கே என்ன நடந்தது, எதையெல்லாம் நான் பார்க்கத் தவறினேன் என்பதை இந்தப் பக்கத்தில் டர்போ வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

என்னுடையது அபார்த் புன்டோ. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும் 145 குதிரைத்திறனும் கொண்ட சிறிய கார் அது. அதில் கம்பெனி வைத்திருக்கும் இன்டர்கூலர் சிறியது. பம்பரின் ஒரு பக்க மூலையில் ஒதுங்கி இருப்பது. டர்போ காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று கடுமையாகச் சூடாகிறது. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் ஒரு பார் என்ற அழுத்த அளவுக்கு அழுத்தினாலே, டர்போவை விட்டு வெளிவரும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, ஆக்சிஜனும் குறைவு. அதோடு பெட்ரோல் நேரம் தவறி எரிந்து இன்ஜின் 'நாக்' ஆகும் ஆபத்தும் உண்டு. அதைத் தவிர்க்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. தானாகவே தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, இழுவையைக் குறைத்துவிடும். இன்டர்கூலர் அந்தக் காற்றை 120 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் குளிர்வித்தால், அழுத்தம் பெரிதாகக் குறையாத வரையில், அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். கோடையில் மேட்டில் ஏறும்போது என் வண்டி சோர்ந்துபோவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்ததால்தான், காற்று நேராக மோதும் இடத்தில் பெரிய இன்டர்கூலர் ஒன்றை வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் தவறில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

பட்டறைக்காரர் முதல் நாள் மிகவும் அன்பாகப் பேசினார். "சார், இது பார் அண்ட் பிளேட் கோர், கனமான சாமான். நாலு நாள்ல வண்டியை எடுத்துக்கலாம்" என்றார். 40,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார், கொடுத்தேன். பில் கேட்டபோது, வெள்ளைத் துண்டுச் சீட்டில் 'இன்டர்கூலர் செட், ஃபிட்டிங்' என்று எழுதி, தொகையைப் போட்டு, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, கோர் எனப்படும், காற்றைக் குளிர்விக்கும் நடுப்பகுதியின் அளவு இல்லை, எங்கே செய்தது என்ற விவரமும் இல்லை. வேலை முடிந்ததும் முறையான பில் தருவதாகச் சொன்னதை நம்பினேன். நாலு நாள் பதினேழு நாளானது. நான் போய்ப் பார்த்த இரண்டு முறையும் வண்டி பம்பர் இல்லாமல் ஷெட்டின் உள்பக்கம் நின்றது. "வெல்டிங் நடக்குது, கிட்ட வர வேண்டாம் சார்" என்று என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். பதினேழாம் நாள் பம்பரை மாட்டி, கழுவி, பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். கீழ் கிரில் வழியாகப் பார்த்தால் கறுப்பாக, அகலமாக ஓர் இன்டர்கூலர் தெரிந்தது. மீதித் தொகையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. போனில் கேட்டதற்கு, பெரிய இன்டர்கூலர் போட்டால் அப்படித்தான் கேட்கும், அது நல்ல சத்தம் என்றார். எனக்கு நிம்மதி இல்லை. இன்ஜினின் அளவீடுகளைப் படித்துக் கைபேசியில் காட்டும் சிறிய ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று என்னிடம் இருந்தது. பழைய இன்டர்கூலரோடு தொப்பூர் ஏறியபோது இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் 68 டிகிரி வரை போனதைக் குறித்து வைத்திருந்தேன். 'டப்' என்று வெடித்த அந்தப் பயணத்தில், அது வெடிப்பதற்குச் சற்று முன்பு, அதே மேட்டில் 74 டிகிரி காட்டியது. குறைவதற்காகப் பணம் கொடுத்த வெப்பம் ஏறியிருந்தது.

'டப்' என்று கேட்டது இன்டர்கூலரின் காற்று ஹோஸ் கழன்ற சத்தம்தான். அதை அங்கேயே மாட்டி, கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் இறுக்கி, ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமல் தருமபுரி வரை வந்து சேர்ந்தோம். மறுநாள் ஸ்கேன் செய்ததில், பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், போதவில்லை என்பதைக் குறிக்கும் பி0299 என்ற பிழை எண் பதிவாகியிருந்தது.

தருமபுரியில் எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், லாரி ரேடியேட்டர்களும் இன்டர்கூலர்களும் சரிசெய்யும் ஒரு பெரியவரிடம் அழைத்துப்போனார். நம் லாரிகளில் முன்பக்க இன்டர்கூலர் பல காலமாகவே இருக்கிறது. ஆகையால் இந்தச் சாமானை அவரைப் போன்றவர்கள்தான் தினமும் கையாளுகிறார்கள். முதலில் அவரிடமே போகாமல், கார்களுக்கென்று பலகை மாட்டிய இடத்துக்குப் போனதை நினைத்து வருந்துகிறேன். பம்பரைக் கழற்றி, இன்டர்கூலரை இறக்கி, இரண்டு வாய்களையும் ரப்பர் மூடி போட்டு அடைத்தார். ஒரு மூடியிலிருந்த வால்வு வழியாக 30 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, சிமென்ட் தொட்டித் தண்ணீரில் மெதுவாக முக்கினார். இன்டர்கூலரின் இடது ஓரத்தில் காற்று சேரும் பெட்டியின் (அதையும் தொட்டி என்றுதான் சொல்வார்கள்) வெல்டிங் ஓரத்திலிருந்து குமிழிகள் முதலில் ஒன்றிரண்டாகவும், பிறகு சோறு கொதிப்பதைப் போலவும் கிளம்பின. வெளியே எடுத்து, அந்த இடத்தைக் கத்தி முனையால் சுரண்டினார். கறுப்புப் பெயின்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் எம்-சீல் பூசியிருந்தது. விரல் நீளத்துக்கு வெல்டிங் பிளந்திருந்ததைச் சமையலறைக் குழாய் ஒழுகலை அடைப்பது போல அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"தம்பி, லாரிக்கே தொட்டியில முக்கிப் பார்க்காம நாங்க மாட்டித் தர்றதில்ல. இது புதுச் சாமானும் இல்ல" என்றார் பெரியவர். வாய் வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். பார் அண்ட் பிளேட் கோர் என்றால் காற்று போகும் பாதைக்குள்ளும் தகடு மடிப்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும். போகும் காற்று அந்த மடிப்புகளில் பட்டுத்தான் தன் சூட்டை இழக்கிறது. என் இன்டர்கூலரில் உள்ளே எதுவும் இல்லாத வெறும் தட்டைக் குழாய்கள் மட்டுமே இருந்தன. டார்ச் வெளிச்சம் தடையின்றி மறுபக்கத் தொட்டியில் போய் விழுந்தது.

ஹோஸ் கழன்றதற்கான காரணமும் அங்கேயே தெரிந்தது. அலுமினியக் குழாயின் முனையில், ஹோஸ் நழுவாமல் பிடிப்பதற்காக உருட்டி எழுப்பிய விளிம்பு ஒன்று இருக்க வேண்டும். இதில் குழாயை வெட்டிய வெட்டு அப்படியே, மொழுமொழுவென்று இருந்தது. மேலே போல்ட் போட்டு இறுக்கும் டி-போல்ட் கிளாம்புக்குப் பதிலாக, தண்ணீர் ஹோஸுக்குப் போடும் சாதாரண ஹோஸ் கிளிப்பை இறுக்கியிருந்தார்கள். பூஸ்ட் ஏறும்போதெல்லாம் ஹோஸ் சிறிது சிறிதாக நகர்ந்து, தொப்பூர் மேட்டில் முழுவதுமாக வெளியே வந்துவிட்டது. ரேடியேட்டரின் இரு பக்கமும் காற்றை உள்ளே திருப்பிவிடும் பிளாஸ்டிக் தடுப்புகளையும் காணவில்லை. அவை இல்லாவிட்டால், வரும் காற்று கோருக்குள் புகாமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போய்விடும். இன்டர்கூலரும் குளிராது, அதற்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரும் குளிராது.

இவை எல்லாவற்றையும்கூட பணநஷ்டம் என்று தாங்கிக்கொண்டிருப்பேன். என்னால் மன்னிக்க முடியாதது வேறொன்று. பம்பருக்குப் பின்னால், மோதலின் அடியை முதலில் வாங்குவதற்காக இரும்புக் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. கோரின் உயரத்துக்கு இடம் போதாததால், அந்தச் சட்டத்தின் கீழ்ப்பாதியை ஏறத்தாழ ஒன்றரை அடி நீளத்துக்குக் கட்டிங் வீலால் அறுத்து எறிந்திருந்தார்கள். அறுத்த ஓரத்தில் பெயின்ட்கூட அடிக்கவில்லை. துரு ஏறத் தொடங்கியிருந்தது. அப்படி அறுக்கப் போவதாக என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, அனுமதி கேட்கவுமில்லை. அந்தச் சட்டத்தை நம்பித்தான் எட்டு நாள்கள் என் குழந்தையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறேன். அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பிப் போனேன். முதலில் நானே எங்கேயோ மோதிவிட்டேன் என்றார்கள். பிறகு, இந்த மாதிரி வண்டிக்கு எல்லோரும் சட்டத்தை அறுத்துத்தான் போடுவார்கள் என்றார்கள். கம்பெனியின் பழைய இன்டர்கூலரையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஃபியட் 2019-இலேயே இந்தியாவில் புன்டோ விற்பனையை நிறுத்திவிட்டது. அந்தச் சாமான் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கோயம்புத்தூரில் இதே வண்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பழைய இன்டர்கூலரும், உடைப்புக்குப் போன ஒரு புன்டோவிலிருந்து குறுக்குச் சட்டமும் கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின.

நானும் ஒரு தவறு செய்தேன்: மாற்றம் செய்யப்போவதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கவில்லை. அந்த எட்டு நாள்களில் விபத்து நடந்திருந்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. அறுத்தவர் வேறு ஒருவர் என்றாலும், கேள்வி கேட்கப்படுவது உரிமையாளரைத்தான்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். எனக்குப் பெரிய தடையாக இருப்பது அந்த வெள்ளைச் சீட்டுதான். கையெழுத்தும் தொகையும் இருப்பதாலும், மீதித் தொகையை வங்கிக் கணக்கு வழியாக அனுப்பியதாலும் ஓரளவு பிடி இருக்கிறது. நீங்கள் பணம் கொடுக்கும் முன் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்த கடை என்றால் அந்த 15 இலக்க எண் 33 என்று தொடங்கும். கோரின் நீளம், உயரம், தடிமன் ஆகியவற்றையும், எதையெல்லாம் வெட்டப் போகிறார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான் அனைத்தையும் அன்றே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். பம்பரை மூடுவதற்கு முன் உங்கள் கண்முன்னால் இன்டர்கூலரைத் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள். செய்யத் தெரிந்த பட்டறைக்கு அது கால் மணி நேர வேலை. மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடந்த ஓராண்டில் இந்த வழியில் எங்காவது முன்பக்க இன்டர்கூலர் போட்டவர்கள், தயவுசெய்து இன்றிரவே கைபேசி விளக்கைக் கீழ் கிரில் வழியாக மேல்நோக்கி அடித்துப் பாருங்கள். கோரின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே குறுக்குச் சட்டத்தின் அடி ஓரம் தெரியும். அது மடிப்போடு வழவழப்பாக இல்லாமல், அறுத்த தடத்தோடும் துருவோடும் இருந்தால், அதைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகாதீர்கள்.