பழைய ரேசர்: ஜெம் சிங்கிள் எட்ஜா, ஜில்லெட் டபுள் எட்ஜா?

ஏழு வருடம் ஜில்லெட் சூப்பர் ஸ்பீடில் சவரம் செய்துகொண்டிருந்தேன். அது டபுள் எட்ஜ், அதாவது பிளேடின் இரண்டு பக்கமும் கூர் இருக்கும் வகை. போன வருடம் மார்ச்சில் ஜெம் 1912 என்ற மாடலுக்கு மாறினேன். அது சிங்கிள் எட்ஜ், ஒரு பக்கம் மட்டும் கூர். இரண்டுமே அமெரிக்காவில் செய்த பழைய ரேசர்கள். இரண்டும் குளியலறை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் வாரத்தில் நான்கைந்து நாள் என் கை ஜெம்முக்குத்தான் போகிறது. அதனால் இந்த அலசலில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. பழைய ரேசர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அதைத் தாண்டி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அப்புறம், சிங்கிள் எட்ஜ் என்ற பெயரில் வேறு குடும்பங்களும் உண்டு. ஷிக் கம்பெனியின் இன்ஜெக்டர் ரேசரும் ஒரு பக்கக் கூர்தான், ஆனால் அதன் பிளேடு ஜெம்மில் பொருந்தாது. நம் ஊர் சலூனில் டபுள் எட்ஜ் பிளேடைக் காகிதத்தோடு மடித்து இரண்டாக உடைத்துக் கத்தியில் செருகுவார்களே, அதுவும் இது இல்லை. வீடியோ காலில் ஜெம்மைக் காட்டியபோது அப்பா முதலில் கேட்டது அதைத்தான். "ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டுமா? அப்ப பாதி பிளேடுதானேப்பா?" "பாதி இல்லப்பா, இதுக்குன்னே தனி பிளேடு. பின்னாடி முதுகு வச்சிருக்கும் பாருங்க" என்று பிளேடைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த முதுகு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1880-இல் காம்ஃப் சகோதரர்கள் நியூயார்க்கில் ஸ்டார் என்ற பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதன் பிளேடு சவரக்கத்தியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தது போலத் தடியாக இருக்கும். அடிக்கடி தோல்வாரில் தீட்டவும் வேண்டும். கிங் ஜில்லெட் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனார். மெல்லிய தகட்டில் இரண்டு பக்கமும் கூர் வைத்து, மழுங்கினால் தூக்கிப் போடு என்றார். விற்பனை தொடங்கிய 1903-இல் மொத்தமே 51 ரேசரும் 168 பிளேடும்தான் போயின. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வீரர்களுக்கு ஜில்லெட்டைக் கொடுத்த பிறகு அந்த மெல்லிய பிளேடு உலகம் முழுக்கப் பரவியது.

ஜெம், எவர் ரெடி, ஸ்டார் என்ற பெயர்களில் ரேசர் விற்ற அமெரிக்கன் சேஃப்டி ரேசர் கம்பெனி நடுவழியில் நின்றது. தீட்ட வேண்டாம், தூக்கிப் போடலாம். ஆனால் தகடு தடியாகவே இருக்கும், பின்பக்கம் மடித்த முதுகும் இருக்கும். ப்ரூக்ளினில் ஜே தெருவில் இவர்களுக்கு இருந்த தொழிற்சாலைக் கட்டடம் 1950-களில் பாலிடெக்னிக் கல்லூரியின் கைக்குப் போனது. இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு இருக்கும் இடம் அது. நம் ஊரிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிற பிள்ளைகள் பலர் அந்தக் கட்டடத்தில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

என் ஜெம்மை நியூஜெர்சியில் டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் லாம்பர்ட்வில் பழம்பொருள் சந்தையில் வாங்கினேன். ஒரு தகர டப்பாவில் பொத்தான்கள், சாவிகள், துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு நடுவே கிடந்தது. 12 டாலர். பித்தளை உடம்பு, மேலே நிக்கல் முலாம். ஒரே ஒரு இடத்தில், கைப்பிடியின் கழுத்தில் மட்டும், முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் முக்கி எடுத்துத் துடைத்தேன். அது போதும். வினிகரில் ஊறப்போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், நிக்கல் கெட்டுவிடும்.

முதல் நாள் பயந்துகொண்டேதான் கன்னத்தில் வைத்தேன். சூப்பர் ஸ்பீடைப் பழகியபோது கோணம் பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆனது. கைப்பிடியைத் தோலிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்துப் பிடி என்பார்கள். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்த 30 எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. ஜெம்மின் தலை ஒரு தட்டையான மூடி. அந்த மூடியை அப்படியே கன்னத்தில் படிய வைத்தால் கைப்பிடி முகத்தைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து கையைக் கொஞ்சமே கொஞ்சம் கீழே இறக்கினால் பிளேடு முடியைத் தொடும். அவ்வளவுதான். கோணத்தைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது இழுப்பிலேயே சத்தம் வந்தது. தோசைக்கல்லைச் சட்டுவத்தால் சுரண்டுவது போன்ற, ஆனால் அதைவிட மெலிதான ஒரு கரகரப்பு. கோணம் சரியாக இருந்தால் கரகரப்பு விடாமல் வரும். கை விலகினால் சத்தம் நின்றுவிடும். சூப்பர் ஸ்பீடிலும் சத்தம் உண்டு, ஆனால் காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும்.

சரி, இதெல்லாம் பழக்கத்தில் வருவது. ஏழு வருடப் பழக்கத்தை விட்டு நான் மாறியதற்குக் காரணம் பிளேடு.

டபுள் எட்ஜ் பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். ஜெம் பிளேடு 0.23 மில்லிமீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். டபுள் எட்ஜ் பிளேடைத் தட்டையாக வைத்துச் சவரம் செய்யவே முடியாது, துவண்டுவிடும். அதனால்தான் ரேசரின் தலை அதை வில் போல வளைத்துப் பிடிக்கிறது. வளைத்தால் விறைப்பு வரும். ஆனாலும் பிடியைத் தாண்டி வெளியே நிற்கும் அந்தச் சிறு விளிம்பு தடித்த முடியில் மோதும்போது லேசாக அதிரும். என் மோவாய்க்குக் கீழே முடி கம்பி மாதிரி, அதுவும் ஒரே திசையில் வளராது, சுழி போட்டு வளரும். சூப்பர் ஸ்பீடில் அந்த இடத்தை மூன்று முறை இழுப்பேன். மூன்றாவது முறையில் தோல் சிவந்துவிடும். படிகாரக் கல்லைத் தடவினால் எங்கெங்கே எரிகிறது என்று துல்லியமாகத் தெரியும்.

ஜெம்மில் பிளேடு வளைவதில்லை. தட்டையாகப் படுக்கிறது, முதுகு பின்னால் தாங்குகிறது. சுழி முடியை இரண்டு இழுப்பில் எடுத்துவிடுகிறது. மூன்றாவது தேவைப்படாததால் எரிச்சலும் இல்லை. முதல் வாரம் இது புது பிளேடின் கூர்மை என்றுதான் நினைத்தேன். அதனால் சூப்பர் ஸ்பீடிலும் புது பிளேடு போட்டு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று பத்து நாள் செய்து பார்த்தேன், நடுவில் பக்கம் மாற்றியும் பார்த்தேன். படிகாரம் பத்து நாளும் ஒரே பதிலைத்தான் சொன்னது. 1930-களில் இந்தக் கம்பெனி 'ஐந்து மணி நிழல்' என்று விளம்பரம் செய்தது. காலையில் மழித்தும் சாயங்காலம் முகத்தில் கறுப்பு தட்டுகிறதே, அதைச் சொல்கிறார்கள். நிழல் எனக்கு இப்போதும் வரத்தான் செய்கிறது. ஆனால் ஐந்து மணிக்கு வந்தது ஏழு, எட்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

பணக்கணக்கில் ஜில்லெட் ஜெயிக்கும். நான் வாங்கும் டபுள் எட்ஜ் பிளேடு ஒன்று 10 சென்ட், நான்கு சவரம் வரும். ஜெம்முக்கான டெஃப்லான் பூசிய ஸ்டெயின்லெஸ் பிளேடு எனக்கு 65 சென்ட் விழுகிறது, ஏழு சவரம் வருகிறது. வருடத்துக்கு 260 சவரம் என்று வைத்தால் ஒன்று ஆறரை டாலர், மற்றது 24 டாலர். மலிவாக முடிக்கலாம் என்று நானும் ஒருமுறை ஹார்டுவேர் கடையில் பெயின்ட் சுரண்ட விற்கும் சிங்கிள் எட்ஜ் பிளேடை வாங்கிப் போட்டேன். உருவம் ஒன்றுதான், கச்சிதமாக உட்காரவும் செய்தது. ஆனால் அது முகத்துக்காகத் தீட்டியது இல்லை, பூச்சும் கிடையாது. தாடையில் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பிளேடு தடியாக இருப்பதால் ஒரு பராமரிப்புச் சங்கதியும் கூடவே வருகிறது. ஜெம் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரேசரின் தலையைத் திறந்தால் முன் ஓரத்தில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சின்ன உலோக முட்டுகள் தெரியும். அரிசி முனை அளவுதான் இருக்கும். மூடியைச் சாத்தும்போது பிளேடு முன்னால் தள்ளப்பட்டு இந்த இரண்டில் போய் முட்டி நிற்கும். பிளேடு எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இவைதான். எண்பது, தொண்ணூறு வருடத்தில் எத்தனையோ கைகள் பிளேடை அலட்சியமாகத் தள்ளியிருக்கும், ரேசர் தரையில் விழுந்திருக்கும். ஒரு முட்டு தேய்ந்தாலோ வளைந்தாலோ பிளேடு கோணலாக உட்காரும். ஒரு முனை மழிக்காது, மறுமுனை தோலைக் கடிக்கும்.

லாம்பர்ட்வில் ரேசருக்கு முன்னால் இணையத்தில் ஒருவரிடம் ஒரு ஜெம் வாங்கி ஏமாந்தேன். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்ததும் பிளேடைப் போட்டு விளக்குக்கு நேராகப் பிடித்தேன். பிளேடின் கூருக்கும் கீழே இருக்கும் பாதுகாப்புப் பட்டைக்கும் நடுவே தெரிந்த வெளிச்சக் கோடு இடப்பக்கம் மெல்லியதாகத் தொடங்கி வலப்பக்கம் போகப் போக அகலமாகிக்கொண்டே போனது. வலது முட்டு பாதிதான் இருந்தது. அதைச் சரிசெய்யும் வழி எனக்குத் தெரியவில்லை. சந்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு ஜெம் பிளேடைக் காகித உறையோடு கொண்டுபோங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டு, அங்கேயே போட்டு, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே அகலமாக இருந்தால், முலாம் எவ்வளவு போயிருந்தாலும் வாங்கலாம்.

சூப்பர் ஸ்பீடில் இந்தக் கவலை குறைவு. நடுத்தண்டில் பிளேடின் துளை உட்காரும், அடியில் திருகினால் இரண்டு கதவுகள் மூடிக்கொள்ளும். என்னுடையதில் இருக்கும் குறியெழுத்துப்படி அது 1955-இல் செய்தது. இன்னும் கதவு ஆடவில்லை.

மீசை விஷயத்திலும் சூப்பர் ஸ்பீட்தான் மேல். ஜெம்மின் தலை தடித்தது. மீசையின் கீழ்க்கோடு அதற்குப் பின்னால் மறைந்துவிடும், கையை நம்பித்தான் இழுக்க வேண்டும். மூக்குக்கு அடியிலும் இதே இடைஞ்சல். வெள்ளிக்கிழமை மீசையை ஒதுக்கும்போது நான் இப்போதும் சூப்பர் ஸ்பீடைத்தான் எடுக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் கூர் என்பதால் ஜெம்மை அடிக்கடி அலச வேண்டியிருக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெம்மிலேயே 1912-க்குப் பின்னால் வந்த மைக்ரோமேட்டிக் என்ற மாடலும் உண்டு. கைப்பிடியைத் திருகினால் மூடி திறக்கும். நண்பர் ஒருவருடையதை ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். 1912-ஐவிடக் கொஞ்சம் கனம், கொஞ்சம் முரடு என்று பட்டது. ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை. என் தோல் சுமாராகத் தாங்கும் தோல். பருவும் வெடிப்பும் இருக்கும் முகத்துக்கு ஜெம் எப்படி என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது.

போன டிசம்பரில் சென்னைக்குக் கிளம்பியபோது பெட்டியில் வைத்தது சூப்பர் ஸ்பீடைத்தான். அதற்கான பிளேடு தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கும், ஜெம் பிளேடு கிடைக்காது. மூன்று வாரம் அப்பா வாங்கி வைத்திருந்த பிளேடிலேயே ஓட்டினேன். மோவாய்க்குக் கீழே பழைய சிவப்பு நான்காம் நாளே திரும்பி வந்துவிட்டது. ஜனவரியில் நியூஜெர்சிக்கு வந்து இறங்கியது இரவு பதினொரு மணிக்கு. காலை வரை பொறுக்கவில்லை. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வெந்நீர் வைத்து, ஜெம்மில் புது பிளேடு போட்டு, மூடியைச் சாத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது.